ஆஸ்பத்திரி இருபது நிமிட நடையில் இருந்தும் ஏன்?

கேள்வி:

டாக்டர், நகரத்தின் குடிசைப் பகுதி ஒன்றில் ஆறு வருடமாகக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். போன ஒரு வருடத்தில் எங்கள் இரண்டு தெருவுக்குள் மூன்று குழந்தைகள் இறந்துவிட்டார்கள். ஒன்று எட்டு மாதப் பெண் குழந்தை. இரண்டு நாள் பேதி, பக்கத்தில் ஒருவரிடம் ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் விடியும்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டது. இன்னொன்று ஒன்றரை வயதுப் பையன். சளி, இருமல் என்று ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கி வந்தார்கள், ஐந்தாம் நாள் இறந்தான். மூன்றாவது, பிறந்து ஆறே நாளான சிசு. பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்ததாம், காய்ச்சல்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரி எங்களுக்கு இருபது நிமிட நடைதான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி? தாய்மாரின் அஜாக்கிரதை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பையனின் அம்மாவிடம், “கொஞ்சம் முன்னாடியே திரும்பக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே” என்று கேட்டும்விட்டேன். அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசுவதில்லை. மூத்த மகளையும் வகுப்புக்கு அனுப்புவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

‘அஜாக்கிரதை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். நானும் அதைப் பல வருடம் சுமந்தவள். குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்து சேர்ந்த சில மணி நேரத்துக்குள் ஒரு குழந்தை இறந்துபோனால், கேஸ் ஷீட்டின் அடியில் ‘காலதாமதமாகக் கொண்டுவரப்பட்டது’ என்று எழுதுவோம். அந்த வரியை எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறும். ஒரு நாள் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ், “எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாங்கன்னு கேட்டீங்களா டாக்டர்?” என்றார். கேட்டிருக்கவில்லை. மறுநாள் சான்றிதழ் வாங்க வந்த குழந்தையின் அத்தையிடம் கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஐந்தரைக்கு எங்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள். சீட்டு எழுதும் கவுண்டர் திறந்தது எட்டு மணிக்கு. வரிசை நகர்ந்து, ஒரு மருத்துவர் அந்தக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தபோது மணி பதினொன்று. ஐந்தரை மணி நேரம் அந்தக் குழந்தை எங்கள் சுற்றுச்சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. தாமதம் நடந்தது உண்மை. அந்தத் தாமதம் எங்களுடையது.

அன்றிலிருந்து, எந்தக் குழந்தை இறந்தாலும் மணிக்கணக்கு கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எத்தனை மணிக்கு முதலில் கவனித்தார்கள், யாரைக் கேட்டார்கள், எப்போது கிளம்பினார்கள், வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்கள், உள்ளே வந்தபிறகு முதல் மருந்து எப்போது போனது. இதை யோசித்தது நான் மட்டுமில்லை. பிரசவத்தில் தாய்மார் இறப்பதை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் 1994-ல் மூன்று தாமதங்கள் என்று பிரித்துச் சொன்னார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. கிராமத்தில் இரண்டாவது தாமதம் பெரிது. நகரத்துக் குடிசைப் பகுதியில் அது சிறிது, உங்களுக்கு இருபதே நிமிடம். அதனால்தான் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு மிச்சமெல்லாம் தாயின் தவறாகத் தெரிகிறது. முதலாவதும் மூன்றாவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நகரத்தின் சராசரிக் கணக்கும் இதை மறைத்துவிடும். ஆஸ்பத்திரிகள், நிபுணர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் நகரத்தில்தான் இருக்கின்றன, ஆகவே நகரத்துக் குழந்தை பத்திரம் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை. 2000-ஆம் ஆண்டில் கென்யாவின் நைரோபியில் குடிசைப் பகுதிகளைத் தனியாகப் பிரித்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நைரோபி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்துக்குச் சுமார் 62. கென்யாவின் கிராமப்புறத்தில் சுமார் 113. அதே நைரோபியின் குடிசைப் பகுதிகளில் மட்டும் சுமார் 150. ஒரே நகரத்துக்குள், கிராமத்தைவிட மோசமான இன்னொரு நாடு இருந்தது போல. பிரித்து எண்ணும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. உங்கள் இரண்டு தெருவில் நடந்த மூன்று மரணங்களும் எந்தச் சராசரியில் கரைந்து போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி அந்த மூன்று குழந்தைகளைப் பற்றி. கடிதத்தை மட்டும் வைத்து இன்ன நோய்தான் என்று நான் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை எந்தக் குழந்தை மருத்துவருக்கும் நன்றாகத் தெரிந்த வரிசை.

அந்த எட்டு மாதக் குழந்தை. ஏழு கிலோ எடை இருந்திருக்கும் என்று வையுங்கள். அந்த உடம்பிலிருந்து 700 மில்லி நீர் போனாலே உயிருக்கு ஆபத்தான வறட்சி. மூன்றரை தம்ளர் தண்ணீர்தான் அது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தண்ணியாகப் போகும் குழந்தையிடமிருந்து அது ஒரு பகல், ஓர் இரவுக்குள் வெளியேறிவிடும். இந்த நேரத்தில்தான் வீட்டில் யாராவது, “எதுவும் கொடுக்காதே, கொடுக்கக் கொடுக்கத்தான் போகும்” என்பார்கள். கண்ணால் பார்ப்பதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள், அதில் வஞ்சனை எதுவும் இல்லை. குடித்தவுடன் போவதைத்தானே பார்க்கிறார்கள். ஆனால் குடலுக்குள் வேறொன்று நடக்கிறது. பேதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். சர்க்கரை, உப்புக்கு வழித்துணை மாதிரி. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு சொன்னார். 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து நிரூபித்தார்கள்.

ஆனாலும் மருத்துவ உலகம் தயங்கியது. நரம்பில் ஏற்றும் ட்ரிப்ஸ்தான் உண்மையான வைத்தியம் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் எல்லையில் அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர, காலரா பரவியது. ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்தன. குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் வேறு வழியில்லாமல் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்களில் கரைத்து வைத்து, பக்கத்தில் இருக்கும் உறவினரையே எடுத்து ஊட்டச் சொன்னார். அந்த முகாமில் நூற்றுக்கு 30 வரை போய்க்கொண்டிருந்த மரணம், கரைசல் கொடுத்தவர்களிடம் 4-க்கும் கீழே வந்தது. ஊட்டியது யார் என்று கவனியுங்கள். தாய்மாரும் பாட்டிமாரும், தகப்பன்மாரும்தான். நாம் இன்று யாரை அஜாக்கிரதை என்கிறோமோ அவர்கள்.

ஆகவே உங்கள் வகுப்பறை அலமாரியில் இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ் பொட்டலங்களும் சிங்க் மாத்திரைகளும் எப்போதும் இருக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைப்பதால்தான் தப்பு நடக்கிறது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதுக்கு 100 முதல் 200 மில்லி. ஸ்பூனால், கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்கலாம். பொட்டலமே கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, அதனால் அளக்கும் ஸ்பூனைக் கையிலேயே கொடுத்துப் பழக்குங்கள். சிங்க் மாத்திரை ஆறு மாதத்துக்குள் நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். பேதி நின்றபிறகும் நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் குழந்தைக்குச் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டு ஓட வேண்டும் என்பதும் அம்மாக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண் குழி விழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், மலத்தில் ரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, சோர்ந்து விழுதல், குடிக்கவே முடியாமல் போதல். கடைசி இரண்டும் வந்துவிட்டால் ட்ரிப்ஸ் தேவை, நேரம் மிகக் குறைவு. இரவு இரண்டு மணியாக இருந்தாலும் போக வேண்டும். வழியெல்லாம், விழுங்க முடிகிற குழந்தையாக இருந்தால், ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஊசி போடுகிறவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேதிக்கு அந்த ஊசியால் பலன் கிடையாது. அதைவிட மோசம், ‘வைத்தியம் பார்த்தாயிற்று’ என்ற நிம்மதியில் ஒரு முழு நாள் போய்விடுகிறது. ஆனால் அவரிடம் ஏன் போகிறார்கள் என்று யோசியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர் கதவு திறந்திருக்கிறது. வரிசை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். திட்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் இந்த நான்கும் இல்லை. அவரைப் பகைத்துக்கொண்டு உங்களால் எதுவும் செய்ய முடியாது என்பது என் எண்ணம். அவரிடமும் பத்துப் பொட்டலம் கொடுத்து, எந்த அடையாளம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி வையுங்கள். என்னுடன் வேலை செய்த சிலருக்கு இந்த யோசனை பிடிக்காது. ஆனால் குழந்தை முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான் என்றால், அங்கேயும் தகவல் இருக்க வேண்டும்.

பேதி எங்கிருந்து வருகிறது என்பது தனிக்கதை, ஆனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளில் சில மணி நேரம் மட்டும் வரும் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள்ளேயே கெட்டுப்போகக் கூடும். தண்ணீர் ஓடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லை. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிந்து காத்திருக்கும், திரும்பத் திறந்துவிடும்போது முதலில் வருவது அதுதான். அந்த முதல் குடத்தைக் குடிக்க வைக்காமல் வேறு வேலைக்கு ஒதுக்குவது, குடிநீரைக் கொதிக்க வைப்பது அல்லது குளோரின் போடுவது, கையை உள்ளே விட முடியாத குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் மூடி வைப்பது எல்லாமே உதவும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பேதி குறைகிறது. ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு அரை மணி நேரம் நிற்கும் பெண்ணிடம், “கை கழுவும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு வாய் வருவதில்லை. தண்ணீர் கேட்பதும் குழந்தை வைத்தியம்தான்.

அந்த ஒன்றரை வயதுப் பையன். இவனைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிகம் கனக்கிறது, ஏனென்றால் இவனுடைய அம்மா சரியானதைச் செய்தார். சளி என்றதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அன்று அவனுக்கு வெறும் சளியாகவே இருந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து அது நுரையீரலுக்கு இறங்கியிருக்கலாம். நிமோனியா பெரும்பாலும் அப்படித்தான், முதல் நாள் முகத்தைக் காட்டாது. ஆகவே முதல் தடவை வந்தபோது மருந்தைவிட முக்கியமாகக் கொடுத்திருக்க வேண்டியது ஒரு வாக்கியம்: “இன்ன அடையாளம் கண்டால் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வாங்க.” அதை யாராவது அவரிடம் சொன்னார்களா? இருநூறு பேரைப் பார்க்க வேண்டிய காலையில் நாங்கள் அதைச் சொல்வதில்லை. சிரப் பாட்டிலைக் கையில் கொடுக்கிறோம், அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். வீட்டுக்கு வந்த அம்மா, மருந்து கொடுத்திருக்கிறார்களே, கேட்கும் என்று காத்திருக்கிறார். அவர் மருத்துவரை நம்பிக் காத்திருந்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். முதல் தடவை போனதில் ஒரு நாள் கூலி போயிருக்கும், இரண்டாவது தடவைக்கு இன்னொரு நாள். மூத்த மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வியும் அவருக்கு இருந்திருக்கும்.

நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் வயிறு எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு, அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால், மூச்சில் முனகல் கேட்டால், உதடு நீலம் பாய்ந்தால், குடிக்க மறுத்தால், ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. உங்கள் மாலை வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களுக்கே இதைச் சொல்லிக்கொடுக்கலாம். எண்ணுவது அவர்களுக்குப் பிடிக்கும். பகல் முழுக்கத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் அவர்கள்தானே.

காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுப்பதும், அதே அறையில் அடுப்புப் புகையும் நிமோனியாவை வளர்க்கும். நெருக்கமாக வாழும் இடத்தில் தட்டம்மையும் சீக்கிரம் தொற்றும், பின்னாலேயே நிமோனியாவைக் கூட்டி வரும். தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 100 குழந்தைகளில் 95 பேருக்குத் தடுப்பூசியின் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறும் குடும்பங்களின் குழந்தைகள்தான் அந்தக் கணக்கில் விட்டுப்போகிறார்கள், பழைய இடத்துப் பட்டியலில் பெயர் இருக்கும், புதிய இடத்துப் பட்டியலில் இருக்காது. புதிதாகக் குடிவந்த வீடுகளின் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அந்த ஆறு நாள் சிசு. 2022-ல் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 49 லட்சம். அவர்களில் 23 லட்சம் பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். 1990-ல் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். தடுப்பூசியும் ஓ.ஆர்.எஸ்ஸும் பெரிய குழந்தைகளை நிறையவே காப்பாற்றியிருக்கின்றன. முதல் மாதத்தில்தான் நாம் மெதுவாக நடக்கிறோம்.

காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவும்போது உடம்பு சுட வேண்டும் என்பதில்லை, சில்லிட்டும் போகலாம். நேற்றுவரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று குடிக்கவில்லை, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, உள்ளங்கால் குளிர்ந்திருக்கிறது, மூச்சு வேகமாக இருக்கிறது, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ‘சமர்த்துக் குழந்தை, அழவே மாட்டேங்குது’ என்று வீட்டில் சந்தோஷமாகச் சொல்லும் அந்த வார்த்தை முதல் வாரத்தில் காதில் விழுந்தால், எனக்கு அடிவயிறு கலங்கும்.

எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு தோல் மேல் தோலாக அணைத்து, மேலே துணி சுற்றி வைப்பதுதான் அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கதகதப்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கிய எடை குறைந்த குழந்தைகளிடம் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதும் இப்படியே அணைத்துக்கொண்டு போகலாம். பிரசவமான பெண் வீடு திரும்பியதும் முதல் வாரம் நாள் தவறாமல் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, “குழந்தை எத்தனை தடவை பால் குடிச்சது?” என்று கேட்க வேண்டும். ஊரிலிருந்து தனியாக வந்து குடியேறிய பெண்ணுக்கு அப்படிக் கேட்க அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இல்லை. குடிசைப் பகுதியில் நான் கண்ட பெரிய குறை இதுதான், இதை எந்தக் கணக்கெடுப்பிலும் எழுத இடமில்லை.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெண்களைக் கூட்டி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். அது வீண் என்று சொல்லமாட்டேன். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டக் கிராமங்களில் பெண்கள் குழுவாக உட்கார்ந்து பேசி வழி தேடியபோது பச்சிளம் குழந்தை மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது என்று 2004-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களிலும் நல்ல பலன் இருந்தது. ஆனால் அதே மாதிரிக் குழுக்களை மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடத்திப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நகரத்தில் தாய்க்குப் பாடம் நடத்துவதோடு நிறுத்தினால் போதாது, போய்ச் சேரும் இடமும் மாற வேண்டும்.

அப்படி மாற்ற முடியும். மலாவியின் பிளான்டையர் நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனையில் எலிசபெத் மாலிநியூ என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் வாசலை மாற்றி அமைத்தார்கள். வந்த வரிசையில் பார்க்காமல், வந்தவுடனேயே ஒருவர் கண்ணால் பார்த்து, மூச்சு வாங்கும் குழந்தை, சுருண்டு கிடக்கும் குழந்தை, வறண்டுபோன குழந்தை என்று பிரித்து நேரே உள்ளே அனுப்பும் முறை. முன்பு 100-க்கு 10 முதல் 18 வரை இருந்த வார்டு மரணம் 6 முதல் 8 ஆகக் குறைந்தது. அங்கே பெரிதாக மாறியது ஒழுங்கும் பயிற்சியும்தான். எங்கள் கவுண்டரிலும் பின்னாளில் ஒரு நர்ஸ் காலை ஆறு மணிக்கே வரிசையைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார். முன்பு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே நர்ஸ்தான்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உங்கள் தெருக்களில் எந்தக் குழந்தைக்கு உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பிழைத்து வந்த குழந்தையாக இருந்தாலும், மணிக்கணக்கை எழுதுங்கள். யார் குற்றம் என்ற பத்தியே அதில் வேண்டாம். பத்துப் பதினைந்து பக்கம் நிறைந்ததும் எங்கே நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். அதை எடுத்துக்கொண்டு நான்கைந்து அம்மாக்களுடன் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். “எங்களைக் கவனிக்கவில்லை” என்று சொன்னால் பேச்சு சண்டையில் முடியும். “இந்தக் குழந்தை வாசலில் நாலு மணி நேரம் நின்றது, தேதி இது” என்று காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். 1847-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தின் முதல் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பேற்ற வில்லியம் டங்கன் என்ற மருத்துவர், அதற்குப் பல வருடம் முன்பிருந்தே நெரிசலான நிலவறை வீடுகளில் நடக்கும் மரணங்களைக் கணக்குப் போட்டுக் காட்டித்தான் ஊரைப் பேசவைத்தார்.

இன்னொன்று, ஒரு தாய் அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மற்றப் பிள்ளைகளை விட்டுப்போக உங்கள் வகுப்பறை திறந்திருக்கும் என்று தெருவுக்கே சொல்லி வையுங்கள். இரவிலும்தான். முடிந்தால் ஒருவர் அந்தத் தாயுடன் கூடவே போகட்டும். துணைக்கு ஆள் இருக்கும் பெண்ணிடம் எங்கள் ஊழியர்கள் பேசும் தொனியே மாறிவிடுகிறது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடப்பு.

கடைசியாக, அந்தப் பையனின் அம்மா. நீங்கள் கேட்ட கேள்வியை அவர் உங்களுக்கு முன்பே தனக்குள் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். போய்ப் பாருங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். நிமோனியாவைப் பற்றி நான் இங்கே எழுதியதையும் அவரிடம் சொல்ல வேண்டாம், அது இப்போது அவருக்கு மறுபடியும் குற்றச்சாட்டாகவே கேட்கும். “அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு. முதல் நாளே கூட்டிட்டுப் போனீங்க, அங்கதான் சரியாச் சொல்லி அனுப்பல” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கதவைச் சாத்தினாலும் வருத்தப்படாமல், மகளுக்கு வகுப்பில் இடம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போங்கள். அந்த ஐந்து நாளைப் பற்றி அவராகப் பேச வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதுவரை உங்கள் நோட்டில் அவருடைய மகனின் பக்கம் எழுதாமலேயே இருக்கட்டும்.